நாரத்தை சென்ற நெடுவழி

திருச்சிராப்பள்ளியின் பகுதிப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், நாம் குடியிருப்பது பழைய தோட்டங்களின் மீது என்பது விளங்கும். மலைக்கோட்டைக்கு அண்மையில் சிங்காரத்தோப்பு. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் ஆழ்வார்தோப்பு. உறையூர்ப் பக்கம் நவாப்தோட்டம். காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத் தீவில் கால் வைத்தால் மாம்பழச்சாலை. அதனை அடுத்த திருவானைக்காவின் பெயரிலேயே ‘கா’ நிற்கிறது. கா என்றால் சோலை. இன்று சிங்காரத்தோப்பில் துணியும் பாத்திரமும் வாங்கலாம். நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் தேட வேண்டும். பெயர் மட்டும் தோப்பாகவே இருக்கிறது.

அரசர்களும் நவாபுகளும் வைத்த தோட்டங்களைப் பற்றி வரலாற்று நூல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேசும். வீட்டுக் கொல்லையில் கிணற்றடிக்கு அப்பால் நின்ற ஒற்றை நாரத்தை மரத்தைப் பற்றி எவரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும் ஒரு தலைமுறைக்கு முன்னர் வரை ஆற்றின் இருகரையிலும் அம்மரம் இல்லாத தெரு அரிது. திருவரங்கத்து வீதிகளில் நீண்டு கிடக்கும் வீடுகளின் கடைசிக் கட்டில் அது நின்றது. நம் மக்கள் வாழும் தெருக்களின் கொல்லைகளிலும் நின்றது. அங்கே அதன் கொழுந்திலையை மிளகாயும் ஓமமும் உப்பும் சேர்த்து இடித்து ‘வேப்பிலைக்கட்டி’ என்று உருட்டினார்கள். பெயரில் வேப்பிலை உண்டு. பண்டத்தில் வேப்பிலை இல்லை. இங்கே அதன் காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பைத் திணித்து, வெயிலில் காயவைத்துச் சாடியில் இட்டார்கள். காய்ச்சலில் நாக்குக் கசந்து கிடப்பவனுக்குக் கஞ்சியும் உப்பு நாரத்தங்காயும் தருவதில் இருகரைக்கும் வேற்றுமை கிடையாது.

இந்த எளிய மரத்துக்கு, பல அரச மரபுகளை விட நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி முஸ்லிம்களின் கைவழியே நடந்தது. அதை நம் இல்லத்தார் அறிந்திருப்பது நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தாய்வீடும் வளர்ப்பு வீடும்

எலுமிச்சை, நாரத்தை, கிச்சிலி, ஆரஞ்சு, பம்பளிமாசு அனைத்தும் ஒரே குடும்பம். இக்குடும்பத்தின் பிறப்பிடம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். அதாவது அசாமும் வட பர்மாவும் சீனத்து யுன்னானும் கூடும் நிலப்பகுதி. மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்த அறிஞர் குழு ஒன்று 2018இல் ‘நேச்சர்’ இதழில் இம்முடிபை வெளியிட்டது. நாம் தனித்தனிச் சாதியென எண்ணும் பல மரங்கள் உண்மையில் கலப்பில் பிறந்தவை என்பதும் இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. பம்பளிமாசும் கமலா இனமும் கூடிப் பிறந்தது புளிப்பு நாரத்தை. அந்தப் புளிப்பு நாரத்தையும் கொம்மட்டி மாதுளையும் கூடிப் பிறந்தது மேனாட்டார் ‘லெமன்’ என்னும் பெரிய எலுமிச்சை.

ஆகவே தமிழகம் இம்மரத்தின் தாய்வீடு என்று நாம் பெருமை பேசுவது பொருந்தாது. ஆனால் மிகப் பழைய வளர்ப்பு வீடுகளுள் ஒன்று என்று துணிந்து கூறலாம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலைமகளிர் பறித்துக் குவித்த மலர்களின் வரிசையில் ‘நரந்தம்’ இடம்பெறுகிறது. மணமுள்ள ஒருவகைப் புல்லையும் சங்கப் புலவர்கள் நரந்தை என்றனர். எது பூ, எது புல் என்று உரையாசிரியர்கள் இடத்துக்கேற்பப் பொருள் கொண்டனர். இரண்டிலும் நிற்பது ‘நறு’ என்னும் மணமே. நரந்தம், நாரத்தை என்னும் தமிழ்ச் சொற்களும், மலையாளத்தின் நாரங்ஙாவும், தெலுங்கின் நாரிஞ்சவும் ஒருகுலச் சொற்கள். வடமொழியின் ‘நாரங்க’ என்னும் சொல் தென்மொழிகளிலிருந்து சென்றிருக்க வேண்டும் என்பது மொழியாராய்ச்சியாளர் பலரின் கருத்து.

வடமொழியில் நாரங்க என வழங்கிய சொல் பாரசீகத்தில் ‘நாரங்’ ஆயிற்று. அரபியர் அதனை ‘நாரஞ்ச்’ என்றனர். ஸ்பெயின் நாட்டார் ‘நாரன்ஹா’ என்றனர். இத்தாலியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் வந்து சேர்ந்தபோது முன்னின்ற நகரம் உதிர்ந்து ‘அரான்சியா’ என்றும் ‘ஒரான்ழ்’ என்றும் நின்றது. ஆங்கிலேயர் அதனை ‘ஆரஞ்ச்’ என்றனர். அவர்கள் வாயிலிருந்து நாம் அதை மீண்டும் வாங்கி ‘ஆரஞ்சு’ என்கிறோம். காந்தி மார்க்கெட்டில் ஒரு கூடையில் நாரத்தங்காயும் மறு கூடையில் ஆரஞ்சும் இருக்க, இரண்டுக்கும் ஒரே பெயர்தான் என்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார்.

மஸ்ஊதி சொன்ன செய்தி

பெயர் மட்டும் பயணம் போகவில்லை, மரமும் போயிற்று. அது போன வழியை நமக்கு எழுதி வைத்தவர் பக்தாதில் பிறந்த அபுல் ஹசன் அல்-மஸ்ஊதி. கி.பி. 915ஐ ஒட்டி இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து காம்பே முதலிய துறைகளைக் கண்டவர் இவர். 956இல் எகிப்தில் காலமானார். ‘முரூஜுத் தஹப்’ என்னும் தம் பெருநூலில் நாரத்தையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வரைந்துள்ளார்.

ஹிஜ்ரி 300க்குப் பிறகு, அதாவது கி.பி. 912க்குப் பின்னர், நாரஞ்சு மரமும் உருண்டை வடிவான உத்ருஜ்ஜும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டன என்கிறார் அவர். முதலில் உமான் நாட்டில் விதைக்கப்பட்டன. அங்கிருந்து பஸ்ராவுக்கும் இராக்குக்கும் ஷாம் நாட்டுக்கும் சென்றன. தர்சூஸ், அந்தாக்கியா முதலிய எல்லைப்புற நகரங்களிலும் பாலஸ்தீனக் கரையிலும் எகிப்திலும் மக்களின் வீடுகளில் அவை பெருகின. அதற்கு முன்னர் அந்நாட்டார் அவற்றைக் கண்டதில்லை.

‘மக்களின் வீடுகளில்’ என்று அவர் எழுதியிருப்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கலீபாக்களின் தோட்டத்துக்கு மட்டும் வந்த மரம் அன்று இது. அரண்மனைக்கும் வந்தது உண்மையே. 932 முதல் 934 வரை ஆண்ட அப்பாஸியக் கலீபா அல்-காஹிர், இந்தியாவிலிருந்து உமான், பஸ்ரா வழியாகத் தருவித்த நாரஞ்சு மரங்களை நிரப்பித் தம் அரண்மனை முற்றத்தில் ஒரு தோட்டம் அமைத்திருந்தார் என்பதையும் அதே நூல் தெரிவிக்கிறது. அக்கலீபா இரண்டே ஆண்டுகளில் பதவியையும் பார்வையையும் இழந்தார். தோட்டம் அடுத்த கலீபாவிடம் போயிற்று. அரண்மனை மரத்தின் கதை அவ்வளவே. தர்சூஸிலும் அந்தாக்கியாவிலும் பெயர் தெரியாத குடும்பங்கள் தம் முற்றத்தில் ஊன்றிய மரங்களே பெருகி மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பரவின.

மஸ்ஊதி இன்னொன்றும் சொல்கிறார். இந்தியாவில் அம்மரத்துக்கு இருந்த இனிய மணமும் அழகிய நிறமும் புதிய நாடுகளில் அதனிடம் இல்லாமற் போயினவாம். இந்தியாவின் காற்றும் மண்ணும் நீரும் அங்கே இல்லாமையே காரணம் என்பது அவர் முடிபு. மரம் பிழைத்தது, காய்த்தது, பெயரும் பெற்றது. எனினும் பிறந்த மண்ணின் மணம் குறைந்தது என்று ஓர் அரபு அறிஞர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வருந்தி எழுதியிருக்கிறார். இந்தச் சொல்லை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் நினைவுகூர்வோம்.

நாரஞ்சு வருமுன்னரே அரபு நாட்டார் அறிந்திருந்த கனி உத்ருஜ். நம் கொம்மட்டி மாதுளையே அது. தடித்த தோலும் மிகுந்த மணமும் உடையது. பாரசீகத்தின் வழியாகப் பழங்காலத்திலேயே மேற்கே சென்றுவிட்டது. குர்ஆனை ஓதி வரும் இறைநம்பிக்கையாளருக்கு, சுவையும் மணமும் ஒருங்கே பெற்ற இக்கனியையே பெருமானார் (ஸல்) அவர்கள் உவமை கூறினார்கள். அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தமிழில் அதை எலுமிச்சை என்றே பலர் கூறிவிடுகின்றனர். எலுமிச்சையைக் கடித்துப் பார்த்த குழந்தை, அது எப்படி நல்ல சுவை ஆகும் என்று மதரஸாவில் கேட்பது இயற்கை. அக்கனி வேறு என்று சொல்லிக் கொடுத்தால் குழந்தையின் ஐயம் தீரும்.

ஏட்டில் ஏறிய தோட்டம்

அரபு நாட்டார் மரத்தை ஏற்றதோடு நிற்கவில்லை. அதைப் பேணும் கலையை ஏட்டில் ஏற்றினர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் வேளாண்மைப் பெருநூலை இயற்றினார். அதில் நாரஞ்சு, எலுமிச்சை, உத்ருஜ் ஆகியவற்றை நடுவதும் நீர் பாய்ச்சுவதும் தனித்தனியே பேசப்படுகின்றன. சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியின் மருத்துவர்களுள் ஒருவரும் யூத சமயத்தவருமான இப்னு ஜுமைஃ, எலுமிச்சையின் மருத்துவப் பயனைப் பற்றித் தனியே ஒரு சிறுநூல் எழுதினார். இந்திய மரம் ஒன்றைப் பற்றி எகிப்தில் ஒரு யூத அறிஞர் முஸ்லிம் அரசரின் ஆதரவில் அரபு மொழியில் எழுதுகிறார் என்றால், அக்காலத்தில் அறிவுக்கு வேலி இருக்கவில்லை என்பது தெளிவு.

ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி முடிந்து 500 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. குர்துபாவின் பெரிய பள்ளிவாசல் இன்று கிறித்தவக் கோயில். செவில் பள்ளிவாசல் இருந்த இடத்திலும் கிறித்தவப் பேராலயமே நிற்கிறது. ஆயினும் இரண்டு இடங்களிலும் பழைய முற்றத்துக்குப் பெயர் ‘நாரஞ்சு முற்றம்’ என்பதே. அங்கு இன்று நிற்பவை பிற்காலத்தில் வைத்த மரங்கள். பெயரோ அரபியர் வாயிலிருந்து வந்த நம் நாட்டுப் பெயர்.

1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கனேரித் தீவுகளிலிருந்து நாரத்தை, எலுமிச்சை விதைகளை ஹிஸ்பானியோலா தீவுக்குக் கொண்டு சென்றார். முஸ்லிம் ஸ்பெயின் பேணி வளர்த்த மரம் இவ்வாறு அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது. இன்று உலகிலேயே மிகுதியாக ஆரஞ்சுச் சாறு ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில். கடைகளில் பெட்டியில் அடைத்து வரும் சாற்றின் முன்வரலாற்றைத் தேடிப் போனால், பஸ்ராவும் உமானும் கடந்து இந்தியாவின் ஏதோ ஒரு கொல்லையில் போய் நிற்போம்.

ஊறுகாயும் இந்தக் கடல்வழியே பயணம் செய்தது. இப்னு பதூதா 1331ஐ ஒட்டி ஆப்பிரிக்கக் கரையின் மொகதீஷு நகரில் விருந்துண்டார். சோற்றுக்குத் துணையாக ஊறவைத்த எலுமிச்சையும் மிளகுக் கொத்தும் பச்சை இஞ்சியும் மாங்காயும் வைத்தார்கள் என்று எழுதுகிறார். பின்னர் மதுரை சுல்தானகத்துக்கும் வந்து சென்றவர் அவர். மொகதீஷுவின் அந்தத் தட்டை நம் வீட்டுப் பெண்கள் பார்த்திருந்தால் அயலூர் உணவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

திரும்பி வந்த பெயர்கள்

போன மரம் வேறு பெயர்களுடன் திரும்பியும் வந்தது. மேற்கே முதலில் பரவியது புளிப்பு நாரத்தையே. இனிப்பு ஆரஞ்சு அங்கே பரவியதில் போர்த்துக்கீசியருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே அரபியர் அதற்குப் ‘புர்துகால்’ என்று பெயரிட்டனர். துருக்கியர் ‘போர்த்தகால்’ என்கின்றனர். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம் பிள்ளைகளுக்கு இச்சொல் பழக்கமானது.

பம்பளிமாசு என்னும் பெயர் டச்சுக்காரரின் ‘பொம்பெல்மூஸ்’. 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்தது என்பதை நினைத்தால் அப்பெயர் சோழமண்டலக் கரையில் வேரூன்றியதில் வியப்பில்லை. கடாரங்காய் என்னும் பெயரை, இராசேந்திரச் சோழன் வென்ற கடாரத்துடன் இணைத்துக் கூறுவோர் உண்டு. வட இந்தியாவில் மொசம்பி என வழங்கும் பழம் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டை நினைவூட்டுகிறது.

அதே பழத்தை நாம் சாத்துக்குடி என்கிறோம். இப்பெயரை, வேலூர் மாவட்டத்தில் பேரணாம்பட்டுக்கு அருகே உள்ள சாத்கர் என்னும் ஊருடன் சேர்த்துப் பேசுவது வழக்கம். சாத்கரில் ஆர்க்காட்டு நவாபுகளுக்கு உரிய பழத்தோட்டம் இருந்தது; அதன் ஆரஞ்சுப் பழங்கள் பெயர் பெற்றவை. அந்த நவாபு மரபில் நெடுங்காலம் ஆண்ட முகம்மது அலி வாலாஜா, திருச்சிக்கு அயலார் அல்லர். தம் தந்தை அன்வருத்தீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் மாண்டபின் அவர் அடைக்கலம் புகுந்தது திருச்சிக் கோட்டையில். 1751, 1752 ஆண்டுகளில் முற்றுகைக்கு உள்ளாகி நின்றதும் இங்கேதான். அவரை முற்றுகையிட்ட சந்தா சாகிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படை 1752 ஜூனில் திருவரங்கத் தீவில் சரணடைந்தது. 1795இல் சென்னையில் காலமான வாலாஜாவின் உடல் திருச்சியில் நத்தர்வலி தர்காவில் அடக்கம் பெற்றது. எதிரியாக நின்ற சந்தா சாகிபின் அடக்கத்தலமும் அந்த வளாகத்திலேயே உள்ளது. போரிட்ட இருவரும் ஒரே நிழலில் உறங்குகின்றனர். அவர்கள் போரிட்டுக் காத்த ஆட்சி மறைந்துவிட்டது. நவாபுகளின் தோட்டத்துப் பழமோ இன்றும் நோயாளியைப் பார்க்கப் போகும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

இருகரை மண்

இனி நம் கொல்லைக்கு வருவோம். ஒரே ஊர்போலத் தோன்றினும் ஆற்றுக்கு அப்பாலும் இப்பாலும் மண் வேறு. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வண்டல் படிந்து உயர்ந்த தீவு. அரங்கம் என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்பது பொருள். வாழைக்கும் தென்னைக்கும் அது சொர்க்கம். நாரத்தைக்கும் எலுமிச்சைக்கும் வண்டலின் வளம் வேண்டும். ஆனால் வேரில் நீர் தேங்குதல் ஆகாது. தேங்கினால் அடித்தண்டில் பிசின் வடிந்து பட்டை அழுகும். ஆகவே தீவில் மரம் வைப்போர் மண்ணை மேடாக்கி, அந்த மேட்டின் மேல் வைத்தனர். தெற்கே நகர்ப்புறத்திலும் அதற்கு அப்பாலும் பாறையும் சுக்கானும் களருமாக மண் மாறுகிறது. நாவலூர் குட்டப்பட்டில் 1989இல் தோன்றிய அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, உவர்மண்ணையும் களர்மண்ணையும் சீர்திருத்தும் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்றது. இவ்வட்டாரத்து மண்ணின் குறையே அதற்குக் காரணம். அத்தகைய மண்ணில் குழியை ஆழமாகத் தோண்டி, வண்டலும் தொழு உரமும் நிரப்பித்தான் மரம் வைக்க வேண்டும்.

முறை எளிது. இரண்டரை அடி நீள அகல ஆழத்தில் குழி. ஆடி முதல் கார்த்திகை வரை நடுவதற்கு ஏற்ற காலம். எலுமிச்சை விதையை உலரவிட்டால் முளைக்கும் ஆற்றல் குன்றும். பழத்திலிருந்து எடுத்த ஓரிரு நாளில் நிழலில் ஊன்ற வேண்டும். எலுமிச்சையில் ஒரு விதையிலிருந்தே இரண்டு மூன்று கன்றுகள் கிளம்பும். அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தை அப்படியே ஒத்திருக்கும். விதைக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பதியன் விரைவில் காய்க்கும். உணவு தேடும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால் அடியில் ஆழமாகக் கொத்தலாகாது. நீரைத் தண்டில் படாமல் வட்டப்பாத்தியில் விடவேண்டும். இளந்தளிரில் பறவையின் எச்சம்போல ஒட்டிக் கிடப்பது எச்சம் அன்று. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வீட்டு மரத்துக்கு மருந்து தேவையில்லை. காலையில் கையால் எடுத்துப் போட்டாலே போதும். இலையிலும் காயிலும் சொறிபோலப் புள்ளி விழுந்தால் அந்தக் கிளையை அறுத்து எரித்துவிட வேண்டும்.

கமலா ஆரஞ்சு மலைக்குளிர் கேட்கும். நம் ஊர் வெயிலில் அது சிறக்காது. நாரத்தையும் எலுமிச்சையும் அவ்வாறல்ல. கத்திரி வெயிலையும் தாங்கி, கிணற்றடி நீரைக் குடித்து, கேட்பாரற்றும் காய்க்கும். அதனாலேயே அவை நம் வீட்டு மரங்கள் ஆயின.

எம் வீட்டு மரம்

உறையூர்ப் பக்கத்தில் எம் குடும்பம் வாழ்ந்த பழைய வீட்டின் கொல்லையில் ஒரு நாரத்தை மரம் இருந்தது. எம் நன்னி அதை வைத்தார். தந்தையார் பிறந்த ஆண்டில் வைத்ததாகச் சொல்லுவார். பாட்டனாருக்குத் திருவரங்கத்தில் ஒரு நண்பர், பள்ளி ஆசிரியர். நாரத்தை காய்க்கும் பருவத்தில் ஒரு பை காய் எம் வீட்டிலிருந்து ஆற்றைக் கடக்கும். சில நாள் கழித்து, அதே பையில் வேப்பிலைக்கட்டி வந்து சேரும். “ராவுத்தர் வீட்டு மரத்து இலையில் இடித்தது” என்று அவர் சொல்லுவார். தம் வீட்டுக்கென எம் மரத்திலிருந்தே ஒரு பதியன் போட்டு எடுத்துச் சென்றிருந்தார்.

1977 நவம்பரில் புயலும் பெருமழையும் சேர்ந்து திருச்சி நகரை வெள்ளக்காடாக்கின. எம் கொல்லையில் பல நாள் நீர் வடியவில்லை. மரம் உடனே சாகவில்லை. தை மாதத்தில் இலை மஞ்சளித்தது; அடித்தண்டில் பிசின் வடிந்தது; அடுத்த கோடையில் பட்டுப்போயிற்று. நன்னி அதை வெட்டவிடாமல் ஓராண்டு காத்திருந்தார். பின்னொரு நாள் திருவரங்கத்து நண்பர் ஒரு மண்தொட்டியைத் துணியில் பொதிந்து பேருந்தில் கொண்டுவந்து இறக்கினார். அவர் வீட்டு மேட்டில் வைத்த மரம் பிழைத்திருந்தது. அதன் பதியன் அது. “உங்கள் மரம்தான் அம்மா, திரும்பி வந்திருக்கிறது” என்றார். நன்னி அன்று பேசவில்லை. தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே சென்று, அவருக்குத் தேநீர் போட்டு அனுப்பினார்.

அந்த இரண்டாம் மரமும் இன்று இல்லை. வெள்ளம் கொண்டுபோகவில்லை, நாமே வெட்டினோம். பாட்டனாரும் நன்னியும் காலமான பின்னர் வீட்டை இடித்துக் கட்டியபோது, வேர் சுவரைப் பிளக்கும் என்று சொன்னார்கள். வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று எமக்கும் தோன்றியது. அரை நாளில் வேலை முடிந்தது. ஆற்றுக்கு அப்பால் அந்த ஆசிரியர் வீடும் பின்னர் அடுக்குமாடியாயிற்று. நோன்பு மாதத்தில் ஒருநாள் கடையில் வாங்கிய நாரத்தங்காய் ஊறுகாயைத் தட்டில் வைத்தபோது, எம் பேரப்பிள்ளை இது என்ன காய் என்று கேட்டான். உமான் முதல் செவில் வரை அதன் வரலாற்றைச் சொல்ல முடிந்தது. காட்டுவதற்கு ஒரு மரம் எம்மிடம் இல்லை.

பகைவர் எவரும் நம் தோட்டங்களை அழிக்கவில்லை. நாம் ஒவ்வொருவரும் நமக்கு நியாயமாகத் தோன்றிய ஒரு காரணத்துக்காக ஒவ்வொரு மரத்தை வெட்டினோம். ஒரு தெருவின் மரங்கள் போயின. அவற்றோடு ஆற்றைக் கடந்து போய்வந்த பைகளும் போயின. அயலார் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வீட்டில் ஒன்றும் விளையாதபோது அயலார் வீட்டுக்குப் போகும் காரணங்களும் குறைகின்றன.

செய்யக் கூடியது

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தருமமாகும் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை நாம் அறிவோம். அதற்குப் பெருந்தோட்டம் தேவையில்லை. கொல்லை உடையோர் இருபதடி இடைவெளியில் ஒரு நாரத்தையும் ஓர் எலுமிச்சையும் வைக்கலாம். சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைத்தால் அச்சமில்லை. கொல்லை இல்லாதோர் மொட்டைமாடியில் அகன்ற தொட்டியில் எலுமிச்சைப் பதியன் வளர்க்கலாம். அடியில் நீர் வடிய துளை இருந்தால் போதும். பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் ஒது செய்யும் நீர் நாள்தோறும் வடிகாலுக்குப் போகிறது. சோப்பு கலவாத அந்நீரைப் பாத்தியில் திருப்பினால் பள்ளி முற்றத்திலும் ஒரு நாரத்தை நிற்கும். குர்துபா முற்றத்துக்குப் பெயர் தந்த மரம் உறையூர்ப் பள்ளி முற்றத்துக்கு அந்நியம் ஆகாது.

அந்நிய நாட்டு மண்ணில் தன் மணத்தை இழந்தது என்று மஸ்ஊதி வருந்தினார். அந்த மணம் குறையாதிருக்கும் காற்றும் மண்ணும் நீரும் நம்மிடமே இருக்கின்றன, மரம்தான் இல்லை. இது அவர் காலத்தில் எவரும் எண்ணியிராத நிலை.

சென்ற ஆடியில் எம் மாடித் தொட்டியில் ஒரு நாரத்தைப் பதியனை வைத்துள்ளோம். நன்னி வைத்த மரத்தின் வழித்தோன்றல் அன்று. அதைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. திருவரங்கத்துக்கு அப்பால் கொள்ளிடக் கரையில் ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. மூன்று தளிர் விட்டிருக்கிறது. புழுவை எடுக்கும் வேலை பேரப்பிள்ளையுடையது. காய்த்தால், இன்ஷா அல்லாஹ், முதற்காய்களை அந்தக் கொள்ளிடக் கரை வீட்டாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக எண்ணியிருக்கிறோம்.